சோடாபுட்டிக் கண்ணாடிக்குப் பின்னால்

பள்ளிகொண்டாக்காரர்களுக்குக் கண்ணில் பெரிய குறையென்றால் வேலூருக்குத்தான் பஸ். அங்கே ஐடா ஸ்கடர் 1902இல் திறந்த மேரி டேபர் ஷெல் மருத்துவமனைதான் இன்றைய ஷெல் கண் மருத்துவமனை. சுதந்திரத்தை ஒட்டிய காலத்தில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் (சி.எம்.சி.) டாக்டர் விக்டர் ராம்போ குழுவோடு கிராமம் கிராமமாகப் போய் முகாம் போட்டார். அன்று தேடியது கண்புரையை. புரையை எடுத்தால் பார்வை திரும்பும். ஆனால் பார்வை நரம்பைக் கெடுக்கும் கிளாக்கோமாவில் போனது போனதுதான். பெரும்பாலும் வலிகூட இருக்காது. ஓரப் பார்வை மெல்லத் தேயும். ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் போடுகிறவருக்கு ஊசிமுனை தெரிகிறவரை சந்தேகமே எழாது.

சோடாபுட்டிக் கண்ணாடி போட்டவர்கள் கதை இன்னும் மோசம். மங்கலாகத் தெரிந்தால் “பவர் ஏறிடுச்சு” என்று கண்ணாடியை மாற்றுவார்கள், அதோடு சரி. மைனஸ் ஆறுக்கு மேல் போன கண் பெரும்பாலும் நீண்டுபோன கண். சாதாரணக் கண் சுமார் 24 மில்லிமீட்டர் நீளம். நீண்ட கண் 26ஐயும் தாண்டும். விழித்திரை இழுபட்டு மெலியும், பார்வை நரம்பின் வட்டு சாய்ந்து உருமாறும். கிளாக்கோமா வரும் வாய்ப்பு இவர்களுக்கே அதிகம். நரம்பைப் பார்த்து அதைக் கண்டுபிடிப்பதும் இவர்களிடமே கடினம். கண் பிரஷர் நார்மலாக இருந்தும் நரம்பு கெடுவதுண்டு என்பதால் அந்த எண்ணை மட்டும் நம்ப முடியாது.

இன்று விழித்திரையைப் படம் எடுக்கிறார்கள். 1991இல் உலகுக்கு அறிமுகமான ஓ.சி.டி. ஸ்கேன், நரம்பிழைப் படலத்தின் தடிமனை மைக்ரான் கணக்கில் அளக்கிறது. ஆனால் இயந்திரம் அந்த அளவை ஒப்பிடுவது சாதாரணக் கண்களின் பட்டியலோடு. அதிக மைனஸ் பவர்காரர்களை அந்தப் பட்டியலில் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. அதனால் நோயில்லாத நீண்ட கண்ணுக்கும் ரிப்போர்ட் தாளில் எச்சரிக்கைச் சிவப்பு விழும். அந்தச் சிவப்பை மட்டும் வைத்து ஆயுள் முழுக்கச் சொட்டு மருந்து எழுதுவது நியாயமில்லை. சிவப்பெல்லாம் பவரால்தான் என்று ஒதுக்கிவிடுவது அதைவிட ஆபத்து.

விழித்திரையின் நடுப்பகுதியான மேக்குலாவையும் ஸ்கேன் செய்து, ஓரப் பார்வைச் சோதனையோடு வைத்துப் பார்த்தால் குழப்பம் குறையும். எல்லாவற்றையும்விட நம்பகமானது, அதே கண்ணின் பழைய படம். போன வருடப் படத்துக்கும் இந்த வருடப் படத்துக்கும் நடுவே படலம் தேய்ந்திருந்தால், வேறு யாருடைய கண்ணோடும் ஒப்பிடத் தேவையில்லை. ஆகவே பழைய ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள். டாக்டரை மாற்றினாலும் கையோடு கொண்டுபோங்கள். பவரைக் குறைக்க லேசிக் லேசர் சிகிச்சை செய்திருந்தால் அதையும் சொல்லுங்கள்: கருவிழி மெலிந்திருப்பதால் பிரஷர் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும்.