கொரோனா பூட்டிய திருத்தணி மலைக்கோயில்: பணியாளர் குழுக்கள் மீண்டும் எழ என்ன தேவைப்பட்டது?

2020 மார்ச்சில் தமிழ்நாட்டுக் கோயில்களில் பக்தர்களுக்கான தரிசனம் நிறுத்தப்பட்டது. உள்ளே பூஜை நடந்தது, வெளியே ஆள் இல்லை. முருகனின் ஐந்தாம் படைவீடான திருத்தணியும் அப்படித்தான். சித்தூர் பக்கமிருந்து காவடியோடு வருபவர்கள், 365 படி ஏறி வருபவர்கள், குழந்தைக்கு மொட்டை போட வரும் குடும்பங்கள் என யாருமே மலையில் இல்லை.

கோயில் என்றால் சாமியும் அர்ச்சகரும் மட்டும் இல்லை. அன்னதானக் கூடச் சமையல்காரர்கள், முடி இறக்கும் தொழிலாளர்கள், துப்புரவுப் பணியாளர்கள், வரிசையைக் கவனிக்கும் காவலர்கள் எனப் பல குழுக்கள் சேர்ந்தால்தான் ஒரு கிருத்திகை நாள் ஓடும். அந்தக் குழுக்கள் என்ன ஆகின?

மூடியதைவிட, மூடித் திறந்ததுதான் பிரச்சினை

2020 செப்டம்பர் 1-ல் பெரிய கோயில்கள் திறந்தன. இரண்டாம் அலையில் 2021 ஏப்ரல் 26 முதல் மறுபடியும் தரிசனத்துக்குத் தடை. ஜூலை 5-ல் திறப்பு. அடுத்த மாதமே, திருத்தணியின் பெரிய திருவிழாவான ஆடிக்கிருத்திகைக்கு அனுமதி இல்லை. அதன்பின் வெள்ளி, சனி, ஞாயிறு மட்டும் மூடல், அக்டோபர் வரை. 2022 ஜனவரியில் மறுபடியும் அதே கதை.

வாரக் கடைசியில்தான் கூட்டம் வரும், அந்த மூன்று நாளும் கதவு மூடி. ஒரேயடியாக மூடியிருந்தால் வேறு வேலைக்குப் போயிருக்கலாம். 'அடுத்த வாரம் திறந்துடுவாங்க' என்று காத்திருப்பவருக்கு இதுவும் இல்லை, அதுவும் இல்லை. எந்தக் குழுவையும் சிதற வைப்பது இந்தக் காத்திருப்புதான்.

யாருக்கு அடி அதிகம்?

மாதச் சம்பளக்காரருக்குக் கோயில் மூடியிருந்தாலும் ஏதோ ஒரு பிடிமானம் உண்டு. முடி இறக்கும் தொழிலாளிக்கோ தலைக்கு இவ்வளவு என்பதுதான் கணக்கு. தலை இல்லன்னா காசு இல்லை, அவ்வளவுதான். தட்டுக் காணிக்கையை நம்பியிருந்த அர்ச்சகர்கள், பூசாரிகள் நிலையும் இதே.

2021 ஜூனில், மாதச் சம்பளம் இல்லாத கோயில் பணியாளர்களுக்கு 4,000 ரூபாய், 10 கிலோ அரிசி, 15 வகை மளிகைப் பொருட்கள் கொடுக்கும் திட்டத்தை அரசு தொடங்கியது. உதவிதான், ஆனால் ஒருமுறை உதவி. முதல் ஊரடங்கு வந்து ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

அந்த செப்டம்பரில் இன்னொரு மாற்றம். கோயில்களில் மொட்டை போடக் கட்டணம் இல்லை என்று அறிவிப்பு வந்தது. பக்தர்களுக்கு மகிழ்ச்சி. 'அப்போ எங்க பங்கு?' என்று கத்தி பிடிப்பவர் கேட்பாரே? அதற்காக முடி இறக்கும் தொழிலாளர்கள் 1,749 பேருக்கு மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை அறிவிக்கப்பட்டது. கூட்டம் வந்தாலும் வராவிட்டாலும் மாதாமாதம் ஒரு தொகை என்பது இவர்களுக்குப் பெரிய மாற்றம்.

சமையல்கூடத்தில் நடந்தது வேறு

2021 மே மாதம், தரிசனம் நின்றிருந்த நேரத்திலேயே, கோயில்கள் மூலம் தினமும் ஒரு லட்சம் உணவுப் பொட்டலங்கள் தயாரித்து மருத்துவமனைகளில் நோயாளிகளுக்கும் உடன் இருப்பவர்களுக்கும் கொடுக்க அறநிலையத்துறை முடிவெடுத்தது. கோயில் மூடியிருந்தது, அடுப்பு எரிந்தது. பந்தியில் பரிமாறும் வேலை பொட்டலம் கட்டும் வேலையாக மாறியது. கைவேலை விட்டுப்போகவில்லை, ஆட்களும் கலையவில்லை.

அடுத்த நான்கே மாதத்தில், 2021 செப்டம்பர் 16-ல், நாள் முழுவதும் அன்னதானம் திட்டம் மூன்று கோயில்களில் தொடங்கியது. திருச்செந்தூர், சமயபுரம், அப்புறம் திருத்தணி. அதற்கு முன் இது ஸ்ரீரங்கத்திலும் பழனியிலும்தான் இருந்தது, 2012 முதல். காலை 8 மணி முதல் இரவு 10 மணி வரை சாப்பாடு.

கேட்க எளிது. மதியம் ஒரு பந்தி போட்ட குழு 14 மணி நேரம் ஓட வேண்டும் என்றால் ஒரே தலைமைச் சமையல்காரரை நம்ப முடியாது. காலை ஷிப்டுக்கு ஒருவர், இரவுக்கு ஒருவர் வேண்டும். உப்பு, புளி அளவு இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். காய் நறுக்குபவர் பரிமாறவும், பரிமாறுபவர் ஸ்டோர் கணக்கு பார்க்கவும் பழக வேண்டும். ஒருவர் காய்ச்சலில் படுத்தால் அன்னதானம் நிற்கக் கூடாது என்பதைத்தான் கொரோனாவும் சொல்லிக் கொடுத்தது.

ஜப்பானில் இதே பாடம்

1997 பிப்ரவரி 1-ல் ஐசின் நிறுவனத்தின் கரியா ஆலையில் தீ. டொயோட்டா கார்களின் பிரேக்குக்கான ஒரு சின்ன வால்வு கிட்டத்தட்ட முழுக்க அங்கேதான் தயாரானது. வால்வு இல்லாமல் ஜப்பானில் டொயோட்டா ஆலைகள் நின்றன. உடனே மற்ற சப்ளையர்கள் அந்த வால்வைச் செய்யக் களமிறங்கினார்கள், தையல் மிஷினுக்குப் பெயர் போன பிரதர் நிறுவனம் உட்பட. சில நாட்களிலேயே ஆலைகள் மீண்டும் ஓடின. கைகொடுத்த சப்ளையர்களுக்கு டொயோட்டா பின்னர் தனியாகப் பணமும் கொடுத்தது. இந்தக் கதையைச் சொல்பவர்கள் ஒற்றுமையைப் பேசிவிட்டு இந்தக் கடைசி வரியை விட்டுவிடுவது வழக்கம்.

உங்கள் வேலை இடத்தில் பார்க்க வேண்டியது

விசைத்தறிக் கூடமோ, ஹோட்டலோ, பத்துப் பேர் ஆபீஸோ, பெரிய தடங்கலுக்குப் பின் 'எல்லாரும் உற்சாகமா இருங்க' என்று மீட்டிங் போடுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி, வேலை நின்ற நாட்களில் யாருக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை என்பது. திரும்பி வராமல் போக வாய்ப்பு அதிகம் அவருக்குத்தான். கடன் சுமையோடு வந்தாலும், அடுத்த தடங்கலுக்குப் பயந்து பாதி மனசோடுதான் நிற்பார். அதன்பின், ஒருவருக்கு மட்டுமே தெரிந்த வேலைகள் எவை என்று எழுதிப் பாருங்கள். அந்தப் பட்டியல் நீளமாக இருந்தால், இரண்டாவது ஆளைப் பழக்கச் சரியான நேரம் கூட்டம் குறைவான இந்த நாட்கள்தான்.

திருத்தணியில் இன்னும் பாக்கி இருக்கிறது. மாதம் 5,000 என்பது ஊக்கத்தொகை, சம்பளம் அல்ல. மலையடிவாரத்தில் பூ, கற்பூரம், காவடிப் பொருள் விற்பவர்களும் ஆட்டோ ஓட்டுபவர்களும் கோயில் பதிவேட்டில் இல்லாதவர்கள். ஆடிக்கிருத்திகைக்கு அவர்களும் சேர்ந்துதான் அந்த ஊரை ஓட்டுகிறார்கள்.