பட்டத்துக்குப் பின் ஈராண்டு

லண்டனில் சட்டம் என்றதும் நம் பெரியோர் பாரிஸ்டர் பட்டத்தையே எண்ணுவர். ஆனால் அங்குள்ள பெரும் சட்ட நிறுவனங்களின் வழக்கறிஞர்களுள் பெரும்பாலோர் சாலிசிட்டர்களே. சட்டம் பயிலாத கலைப் பட்டதாரியும் சாலிசிட்டர் ஆகலாம். 2021-இல் அறிமுகமான தகுதித் தேர்வின் இரு கட்டங்களிலும் தேறி, ஈராண்டுப் பணி அனுபவமும் பெறவேண்டும், நன்னடத்தையும் ஆராயப்படும்.

பெரும் நிறுவனங்களில் பயிற்சியாளர், வழக்கமாக ஆறு மாதத்துக்கு ஒன்றாக நான்கு துறைகளில் பணிபுரிவர். ஒப்பந்தங்களை வரி வரியாகப் படித்துப் பிழை களைவதே முதற்பாடம். கட்சிக்காரரின் இரகசியமோ அவர்கள் காக்கவேண்டிய அமானிதம். பல துறைகளைக் கண்ட பின்னரே தமக்கு ஏற்றது எதுவெனத் தெளியும். ஆதலால் பெற்றோரே! பிள்ளை நீதிமன்றம் ஏறி வாதாடவில்லையே என மனம் தளராதீர்கள். அந்த ஈராண்டுப் பொறுமையே அவர்களது தொழிலுக்கு அடித்தளம்.