பிரசவத்துக்குப் பின் மூச்சிரைப்பா? எக்கோ எடுங்கள், இ.எஸ்.ஐ.யில் கேளுங்கள்

விரிஞ்சிபுரத்திலிருந்து ஆம்பூர் ஷூ கம்பெனிகளுக்குப் போகும் பெண்களில், பிள்ளை பெற்ற சில மாதங்களிலேயே மூச்சிரைக்க வேனில் ஏறுகிறவர்கள் உண்டு. "பிள்ளை பெத்த உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டில் தேற்றிவிடுகிறார்கள். இந்தத் தேறுதல் ஆளைக் கொல்லும். படுத்தால் திணறல், இரவில் இருமல், கால் வீக்கம் என்று கர்ப்பத்தின் கடைசி மாதத்திலோ, பிரசவமாகி ஐந்து மாதத்துக்குள்ளோ வந்தால் இதயத் தசை தளர்ந்திருக்கலாம். பேரிபார்ட்டம் கார்டியோமயோபதி என்பது நோயின் பெயர். ரத்தசோகை மாத்திரையோடு திரும்பிவிடாதீர்கள். எக்கோ (இதய ஸ்கேன்) வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை எட்டும் தூரம்தான். உட்கார்ந்திருக்கும்போதே திணறினால் உடனே 108.

எக்கோ சீட்டில் 'இ.எஃப்.' (ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் சதவீதம்) என்ற எண்ணைப் பாருங்கள். இந்த நோயில் அது 45-க்குக் கீழே இருக்கும். 49 நாடுகளில் இந்த நோய் வந்த 739 பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2020-இல் வெளியான ஆய்வில், ஆறு மாதத்தில் 46 சதவீதம் பேருக்கு இதயம் தேறியிருந்தது. 6 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். பலருக்கு இன்னும் கூடுதல் காலம் பிடிக்கும். அந்தக் காலத்தைச் சம்பளப் பயத்தில் இழந்துவிடுகிறார்கள்.

இழக்க வேண்டியதில்லை. 26 வார மகப்பேறு விடுப்புக்கு மேல், பிரசவத்தால் வந்த நோய்க்கு இ.எஸ்.ஐ.யில் (தொழிலாளர் அரசுக் காப்பீடு) இன்னும் ஒரு மாதம் உண்டு. அதன்பின் 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளம். அதுவும் தீர்ந்தால் நீடித்த நோய்ப் பயன்: 80 சதவீதம், முதலில் 124 நாள், தேவைப்பட்டால் இரண்டு ஆண்டு வரை. இதற்கு இரண்டு ஆண்டு தொடர் வேலையும், நான்கு சந்தா காலங்களில் 156 நாள் சந்தாவும் வேண்டும். அந்த நோய்ப் பட்டியலில் கார்டியோமயோபதி இருக்கிறது. ஆனால் சான்றில் 'வீக்னஸ்' என்று கிறுக்கிக் கொடுத்தால் பட்டியல் உதவாது. நோயின் பெயரையும் இ.எஃப். எண்ணையும் எழுதித் தரும்வரை இ.எஸ்.ஐ. மருந்தகத்தை விட்டு நகராதீர்கள். சான்றுகளில் ஒருநாள்கூட இடைவெளி விழக்கூடாது. 9-ஆம் எண் படிவம், சான்று, எக்கோ நகல் மூன்றையும் இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் கொடுத்து, பெற்றதற்கு முத்திரை வாங்குங்கள். "நாளைக்கு வாங்க" என்பது பதில் இல்லை, எழுத்தில் கேளுங்கள். மகப்பேறுப் பயனோ 70 சதவீத நோய்ப் பயனோ பெறும் காலத்தில் உங்களை வேலையை விட்டு நீக்கச் சட்டம் இடம் கொடுப்பதில்லை.

இ.எஸ்.ஐ. இல்லாமல் வீட்டிலேயே ஷூ அப்பர் தைப்பவர்களுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை. வருமானச் சான்றுக்கு வி.ஏ.ஓ.விடம் இன்றே போங்கள்.

மூச்சு சீரானதும் இதய மாத்திரையை நிறுத்துகிறார்கள். நிறுத்தாதீர்கள். எக்கோ தேறிவிட்டாலும், இதய மருத்துவர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள். அடுத்த கர்ப்பத்தில் நோய் திரும்பலாம், இ.எஃப். தேறாதவர்களுக்கு அது உயிராபத்து. கருத்தடைக்குக் கடையில் மாத்திரை வாங்காமல், காப்பர்-டி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். இதைக் கணவரும் மாமியாரும் உடன் உட்கார்ந்து கேட்க வேண்டும்.