என்.சி.சி.யில் சேர்ந்தால் ராணுவத்துக்குப் போயாக வேண்டுமா?

மகள் பள்ளியிலிருந்து ஒரு படிவத்தோடு வருகிறாள். "என்.சி.சி.யில பேர் குடுக்கப் போறேன்பா, கையெழுத்துப் போடுங்க" என்கிறாள். நாளை போர் வந்தால் பிள்ளையை எல்லைக்கு அழைத்துப் போய்விடுவார்களோ என்ற பயம் உங்களுக்கு வரலாம்.

அழைத்துப் போகமாட்டார்கள். தேசிய மாணவர் படை என்கிற என்.சி.சி. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நடக்கிறது. இதில் சேர்ந்த காரணத்துக்காக மட்டும் யாரையும் போர்ப்பணிக்குக் கட்டாயப்படுத்த முடியாது என்று அந்தச் சட்டமே சொல்கிறது.

அப்படியானால் சீருடையும் டிரில்லும் துப்பாக்கிப் பயிற்சியும் எதற்கு? முதல் உலகப் போர்க் காலத்தில், 1917இல், ராணுவத்துக்கு ஆள் போதவில்லை. பல்கலைக்கழக மாணவர்களைப் பழக்கி வைத்துக்கொள்ள ஆங்கில அரசு ஒரு படை அமைத்தது. அது 1920இலும் 1942இலும் பெயரும் வடிவமும் மாறியது. எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. 1946இல் ஹிருதயநாத் குன்ஸ்ரு தலைமையில் அமைக்கப்பட்ட குழு வேறொரு வழியைச் சொன்னது. பள்ளி மாணவர்களையும் சேர்த்து, நாடு முழுவதற்கும் ஒரே இளைஞர் அமைப்பு வேண்டும் என்றது. 20,000 பேரோடு தொடங்கிய அந்த அமைப்புக்கு இன்று அனுமதிக்கப்பட்டுள்ள பலம் 20 லட்சம்.

பெண் பிள்ளைகள் எப்போது வந்தார்கள்? சட்டம் வந்த மறு ஆண்டே, 1949இல். மருத்துவம், செவிலியர் பணி தவிர்த்த மற்றப் பிரிவுகளில் பெண்கள் ராணுவ அதிகாரியாக 1992 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே மாணவிகள் பரேடு மைதானத்தில் நின்றார்கள். என்.சி.சி. வரலாற்றில் நான் பெரிதாக மதிப்பது இதைத்தான். விமானப் பிரிவு 1950இலும் கடற்படைப் பிரிவு 1952இலும் வந்தன.

"எங்க காலத்துல எல்லாரும் பரேடுக்குப் போயே ஆகணும்" என்று வீட்டில் தாத்தா சொன்னால் நம்புங்கள். சீனப் போருக்குப் பிறகு 1963இல் கல்லூரி மாணவர்களுக்கு இது கட்டாயமாக்கப்பட்டது. 1968இல் மறுபடியும் விருப்பப் பயிற்சி ஆனது. இன்றும் யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது.

மொழி ஒரு தடையா? பரேடுக் கட்டளைகள் இந்தியில்தான் இருக்கின்றன. 1968 ஜனவரியில் நம் சட்டமன்றம் நிறைவேற்றிய மொழித் தீர்மானம் இவற்றையும் எதிர்த்தது. ஆனாலும் 'சாவ்தான்' (நேராக நில்), 'விஷ்ராம்' (இளைப்பாறு) போலக் கொஞ்சம் சொற்கள்தான். பிள்ளைகள் விரைவில் பழகிவிடுவார்கள். இந்தி தெரியாது என்பதற்காகத் தயங்க வேண்டாம்.

செலவு ஆகுமா? பயிற்சிக்குக் கட்டணம் இல்லை. சீருடைக்கான பணத்தை அரசே மாணவரின் வங்கிக் கணக்கில் போடுகிறது. அதனால் பிள்ளையின் பெயரில் ஒரு கணக்கு இருக்கட்டும். கேம்ப்பில் சாப்பாடும் தங்குமிடமும் இலவசம்.

சான்றிதழ் விஷயத்தில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள், கவனியுங்கள். பள்ளியில் ஜூனியர் பிரிவு இரண்டு ஆண்டு. முடிவில் 'ஏ' சான்றிதழ். கல்லூரியில் சீனியர் பிரிவு மூன்று ஆண்டு. இரண்டாம் ஆண்டில் 'பி', மூன்றாம் ஆண்டில் 'சி'. வேலைக்கு அதிகம் உதவுவது 'சி'தான். பரேடில் 75 சதவீத வருகை இருக்க வேண்டும், கேம்ப்புக்கும் போயிருக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் தேர்வு எழுத முடியாது. கேம்ப் வழக்கமாகப் பத்து நாள். தேர்வு நேரத்தோடு மோதுமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

'சி' சான்றிதழால் என்ன லாபம்? பட்டப்படிப்பில் 50 சதவீத மதிப்பெண்ணும், 'சி' தேர்வில் குறைந்தது 'பி' கிரேடும் இருந்தால், 19 முதல் 25 வயதுக்குள் ராணுவ அதிகாரிப் பணிக்குச் சிறப்பு வழியில் விண்ணப்பிக்கலாம். எழுத்துத் தேர்வு கிடையாது. விண்ணப்பங்களை வடிகட்டிய பிறகு, எஸ்.எஸ்.பி. (அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வாரியம்) நடத்தும் ஐந்து நாள் தேர்வுக்கு நேரடியாக அழைப்பார்கள். ஆண், பெண் இருவருக்கும் இந்த வழி உண்டு. தேறியவர்கள் பயிற்சி பெறும் அகாடமி நம் சென்னைப் பரங்கிமலையிலேயே இருக்கிறது. சிப்பாய்ப் பணிக்கான தேர்வில் கூடுதல் மதிப்பெண் உண்டு. தமிழ்நாட்டுக் காவலர் தேர்விலும் என்.சி.சி. சான்றிதழுக்குச் சிறப்பு மதிப்பெண் தருகிறார்கள்.

சேர்ந்தால் வேலை நிச்சயமா? இல்லை. அப்படிச் சொல்லி யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

எல்லாப் பள்ளி, கல்லூரிகளிலும் என்.சி.சி. இருக்காது, இருக்கும் இடங்களிலும் இடம் குறைவு. மூன்று ஆண்டுப் பட்டப்படிப்பில் ஓராண்டு கழித்துச் சேர்ந்தால் 'சி' தேர்வுக்குத் தேவையான மூன்று ஆண்டு கிடைக்காது. ஆகவே அட்மிஷன் போடும் அன்றே ஏ.என்.ஓ. (என்.சி.சி. பொறுப்பில் உள்ள ஆசிரியர்) யார் என்று விசாரித்து, பிள்ளையின் பெயரைக் கொடுத்துவிடுங்கள்.