பெட்ரோலை எதில் கொண்டு போகிறீர்கள்?



புல்வெட்டும் இயந்திரத்தோடு வெளிக்காட்டு வேலைக்குப் போகிறவர்களில் பலர், பெட்ரோலைப் பழைய சுவைநீர்ப் போத்தலில் ஊற்றிக்கொண்டு போகிறார்கள். "இத்தனை வருஷமா இப்படித்தானே கொண்டு போறோம், என்ன ஆயிடுச்சு?" என்று கேட்பீர்கள். கொஞ்சம் கேளுங்கள்.

தீப்பிடிப்பது பெட்ரோலின் ஆவிதான். மண்ணெண்ணெய் ஏறக்குறைய 38 டிகிரி சூடானால்தான் பற்றக்கூடிய அளவுக்கு ஆவி விடும். பெட்ரோலோ உறைபனிக் குளிரிலும் ஆவி விடும். நம் நாட்டு வெயிலில் சொல்லவா வேண்டும்? அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு ஊர்ந்து போய், தள்ளியிருக்கும் அடுப்பிலோ சிகரெட்டிலோ பற்றிக்கொள்ளும். மெல்லிய போத்தல் வெயிலில் உப்பும், மூடி கசியும், கீழே விழுந்தால் உடையும்.

இதைவிடக் கொடுமை வீட்டில் நடக்கும். தாகத்தோடு ஓடிவரும் பிள்ளைக்குப் போத்தலில் இருப்பது தண்ணியா, பெட்ரோலா என்று தெரியுமா?

சரியான டின் எது?

1. பெட்ரோலுக்கென்றே செய்த இரும்பு டின் அல்லது தடித்த பிளாஸ்டிக் கேன். மூடி இறுக்கமாகத் திருகும்படி இருக்க வேண்டும்.

2. உள்ளே இருப்பது என்னவென்று தமிழிலும் மலாயிலும் எழுதி ஒட்டுங்கள். நம்மோடு வேலை செய்யும் வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் புரிய நெருப்புப் படம் போடுங்கள்.

3. களைக்கொல்லி வந்த காலி டின் எதற்கும் ஆகாது. பெட்ரோலுக்கும் வேண்டாம், தண்ணீருக்கும் வேண்டாம்.

4. கேனைத் தரையில் வைத்து நிரப்புங்கள். மோட்டார் சைக்கிளிலோ லாரியிலோ வைத்து ஊற்றினால் நிலைமின்சாரப் பொறி கிளம்பலாம். விளிம்பு வரை ஊற்றாதீர்கள். ஆவி விரிய இடம் வேண்டும்.

5. இயந்திரம் ஆறிய பிறகே எண்ணெய் ஊற்றுங்கள். மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டு வராமல் ஸ்டோரில் ஒப்படையுங்கள்.

பிள்ளை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாந்தியோடு பெட்ரோல் நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. போத்தலையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். தீப்புண் பட்டால் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். பற்பசை, கிச்சாப்பு எதையும் தடவாதீர்கள்.

"நல்ல கேன் வாங்கக் காசு எங்கே?" என்கிறீர்களா? நீங்கள் ஏன் வாங்க வேண்டும்? 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி பாதுகாப்பான முறையில் வேலை நடக்க வழி செய்வது முதலாளியின் கடமை. அதற்கான செலவைத் தொழிலாளியிடம் வசூலிக்கக் கூடாது. 40 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழுவும் இருக்க வேண்டும். கேன் கொடுக்காவிட்டால் தோட்டத் தலைவரிடம் சொல்லுங்கள். அவர் குழுவில் பேசட்டும்.

இன்றே வீட்டிலும் ஸ்டோரிலும் தேடிப் பாருங்கள். பெட்ரோல் உள்ள சுவைநீர்ப் போத்தல் ஒன்றுகூட இருக்கக் கூடாது.