கோப்பின் பாயிரம்: ஆவணப் பண்புகளை மேக்ரோவால் படித்தலும் திருத்தலும்

நூலுக்குப் பாயிரம் வேண்டும் என்பது தமிழ் மரபு. ஆக்கியோன் பெயர், நூல் வந்த வழி, வழங்கும் எல்லை, நூலின் பெயர், யாப்பு, பொருள், கேட்போர், பயன் என எட்டுச் செய்திகளைச் சிறப்புப்பாயிரத்துக்கு உரியனவாக நன்னூல் வகுக்கிறது. காலம், களம், காரணம் என்னும் மூன்றையும் சேர்த்துக் கொள்வாரும் உண்டு என்கிறது. கணினியில் நாம் எழுதும் ஒவ்வொரு கோப்புக்குள்ளும் இத்தகைய பாயிரம் ஒன்று கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது. தலைப்பு, ஆசிரியர், பொருள், குறிச்சொற்கள், உருவான நாள், கடைசியாகத் திருத்தியவர் முதலிய அச்செய்திகளையே ஆவணப் பண்புகள் என்கிறோம்.

போர்டிக்சன் வட்டாரத்தார்க்கு இது வெறும் நுட்பச் செய்தியன்று. சுங்காலா, சுவா பெத்தோங், சிலியாவ் என நாம் அறிந்த தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. குடும்பங்கள் பல பட்டணங்களுக்குப் பெயர்ந்தன. தோட்ட வாழ்வைப் பற்றி முதியோர் சொல்லி மாணவர் தட்டெழுதிய கட்டுரை, பள்ளி விழா மலர், பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டக் குறிப்பு ஆகியவை இன்று கோப்புகளாகவே எஞ்சுகின்றன. கோப்புறை மாறினாலும் கோப்பின் பெயர் மாறினாலும் அதனுள் இருக்கும் பண்புகள் உடன்செல்லும். அவை தவறாக இருந்தால் தவறும் உடன்செல்லும்.

தவறு நேரும் வழி எளிது. புதுக்கோப்பைத் திறந்ததும் சொல்செயலி, தன்னிடம் பதிந்துள்ள பயனர் பெயரையே ஆசிரியர் என எழுதிக்கொள்கிறது. சென்ற ஆண்டின் வினாத்தாளைத் திறந்து வேறு பெயரில் சேமித்தால், பழைய ஆசிரியர் பெயரே தொடர்கிறது. பாட்டி சொன்ன தோட்டத்துக் கதைக்குப் பள்ளி அலுவலகக் கணினி ஆசிரியராகிவிடுவது இவ்வாறுதான்.

ஓரிரு கோப்புகளைக் கையால் திருத்தலாம். நூற்றுக்கணக்கானவற்றுக்கு மேக்ரோ வேண்டும். மேக்ரோ என்பது சொல்செயலிக்குள்ளேயே இயங்கும் சிறு நிரல். லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் 'திஸ்காம்போனென்ட்' என்பது திறந்துள்ள ஆவணத்தைக் குறிக்கும். அதன்பின் புள்ளியிட்டு 'டாக்குமென்ட்பிராப்பர்ட்டீஸ்', மீண்டும் புள்ளியிட்டு 'டைட்டில்' அல்லது 'ஆத்தர்' என எழுதினால் அப்பண்பு கிடைக்கும். சமக்குறிக்கு வலப்புறம் அதனை வைத்தால் படிக்கிறோம். இடப்புறம் வைத்தால் மாற்றுகிறோம். மைக்ரோசாப்ட் வேர்டில் 'ஆக்டிவ்டாக்குமென்ட்' என்பதன் 'பில்ட்இன்டாக்குமென்ட்பிராப்பர்ட்டீஸ்' என்னும் தொகுப்பில் பண்பின் பெயரைச் சொல்லிக் கேட்கவேண்டும்.

வேர்டில் மூன்று இடங்களில் கவனம் தேவை. முதலாவது, ஒருபோதும் அச்சிடப்படாத கோப்பின் அச்சிட்ட நாள் போல, மதிப்பே இல்லாத பண்பைக் கேட்டால் நிரல் பிழை காட்டி நின்றுவிடும்; அதற்கு முன்கூட்டியே வழி செய்யவேண்டும். இரண்டாவது, பண்பை மட்டும் மாற்றினால் ஆவணம் மாறியதாக வேர்டு கருதாமல் போகலாம். 'சேவ்டு' என்பதைப் பொய் என அமைத்த பின்னரே சேமிக்கவேண்டும். மூன்றாவது நம் மொழிக்கே உரிய இடர். வேர்டின் நிரல் எழுதும் சாளரத்தில் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாகிவிடும். 'தமிழ்' என்று எழுத 2980, 2990, 3007, 2996, 3021 என்னும் ஒருங்குறி எண்களைத் தரவேண்டும். இதனினும் எளிய வழி, தலைப்பை நிரலில் எழுதாமல் ஆவணத்தின் முதற்பத்தியிலிருந்து எடுத்துவைப்பது. அப்போது பத்தியின் இறுதிக் குறியை மட்டும் நீக்கவேண்டும். லிப்ரே ஆபீஸில் இவ்விடர் இல்லை. தமிழை நேரே எழுதலாம்.

ஒருங்குறிக்கு முற்பட்ட எழுத்துருக்களில் தட்டெழுதிய கோப்புகளில் பண்புகளைப் பார்த்தால் வேறொரு வியப்பு நேரும். பக்கத்தில் தமிழாகத் தெரிவது பண்புச் சாளரத்தில் உரோமன் குறிகளின் குவியலாகத் தெரியும். அங்கே அந்த எழுத்துரு செல்லாது என்பதே காரணம். அத்தலைப்பைத் தமிழில் தேடினால் கிட்டாது. அதனை ஒருங்குறிக்கு மாற்றுவது நாம் செய்யவேண்டிய முதற்பணிகளுள் ஒன்று.

பண்புகள் நாம் சொல்ல விரும்பாததையும் சொல்லிவிடும். 2003ஆம் ஆண்டில் ஈராக்கைப் பற்றி பிரிட்டிஷ் அரசு வெளியிட்ட வேர்டு கோப்பொன்றில் மறைந்திருந்த திருத்தப் பதிவு, அதனைக் கையாண்ட அலுவலர்களின் பெயர்களைக் காட்டிக்கொடுத்தது. ஆகவே, வெளியே அனுப்பும் கோப்பில் எது இருக்கவேண்டும், எது நீங்கவேண்டும் என முடிவுசெய்தல் நன்று. மேக்ரோவிலும் தீங்குண்டு. 1999இல் பரவிய மெலிசா நச்சுநிரல் ஒரு வேர்டு மேக்ரோவே. அதனால் பிறர் அனுப்பும் மேக்ரோவை இயக்காமல், நாமே எழுதிப் புரிந்துகொண்டதையே இயக்கவேண்டும்.

வகுப்பில் இதனைப் பயிற்சியாக்க விரும்பும் ஆசிரியர்கள், முதலில் படிக்கும் மேக்ரோவை மட்டும் மாணவரிடம் தரலாம். பள்ளிக் கோப்புகளின் படிகளை எடுத்து, ஒவ்வொன்றின் தலைப்பையும் ஆசிரியரையும் பட்டியலிடட்டும். அப்பட்டியலைத் தெரிந்தவர்களிடம் காட்டி, எழுதியவர் யார், சொன்னவர் யார், தட்டெழுதியவர் யார் எனக் கேட்டறியட்டும். அதன் பின்னரே மாற்றும் மேக்ரோ வரவேண்டும். பெயரைப் பதிவது நொடியில் முடியும்; எந்தப் பெயர் என்பதைக் கணினி அறியாது. அதனை அறிந்தவர்கள் நம்மிடையே இருக்கும்போதே கேட்டு எழுதிவைப்பது நம் கடமை.