கணிப்பொறி மேகமும் அதன் கட்டணமும்

மேற்குத் தொடர்ச்சி மலைச்சரிவுகளில் விளையும் ஏலக்காய் போடிநாயக்கனூர் ஏல மையத்தில் விலை போவதை நீங்கள் அறிவீர்கள். அங்கே 2007-இல் மின்னணு ஏலம் வந்தது. 2021 ஜனவரியில் நறுமணப் பொருள்கள் வாரியம் அதை ‘மேகக் கணிமை’ முறைக்குக் கொண்டு சென்றது. போடியில் அமர்ந்துள்ள வியாபாரியும், மலைக்கு அப்பால் இடுக்கி மாவட்டத்துப் புற்றடியில் அமர்ந்துள்ள வியாபாரியும் ஒரே ஏலத்தில் ஒரே சமயத்தில் விலை கேட்க இதனால் வழி பிறந்தது.

மேகக் கணிமை என்பது என்ன? கணிப்பொறியைச் சொந்தமாக வாங்காமல், தொலைவில் உள்ள பெரிய கணிப்பொறிக் கூடத்திலிருந்து வாடகைக்குப் பெறுவதே அது. ஏலம் சில மணி நேரமே நடக்கிறது. அதற்காக நாள் முழுவதும் ஓடும் இயந்திரம் எதற்கு? தேவைப்படும்போது எடுத்து, முடிந்ததும் விட்டுவிடலாம். மின்சாரத்துக்கு மீட்டர் இருப்பது போல இதற்கும் மீட்டர் உண்டு.

மீட்டர் ஏன் எகிறுகிறது?

போடி மாணவர் ஒருவர் ஏலக்காய் விலையைக் காட்டும் இணையத்தளம் அமைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இயந்திர வாடகை மணிக்கு 10 ரூபாய். இரண்டு மணி நேரம் சோதித்தால் செலவு 20 ரூபாய்தான். ஆனால் நிறுத்த மறந்துவிட்டால்? 30 நாளில் 720 மணி. பில் 7,200 ரூபாய்! வீட்டில் எரியும் விளக்கு கண்ணுக்குத் தெரியும். தொலைவில் ஓடும் இயந்திரம் தெரியாது.

இது மறதியின் விலை. மறதியே இல்லாமலும் பில் ஏறலாம். உண்மையில் நடந்த ஒன்றைக் கேளுங்கள். 2024-இல் ஒருவர் அமேசான் நிறுவனத்தின் மேகத்தில் காலியான சேமிப்பிடம் ஒன்றைத் திறந்து, அதற்கு ஒரு பெயரிட்டார். பலர் பயன்படுத்திய ஒரு மென்பொருளிலும் தற்செயலாக அதே பெயர் மாதிரி முகவரியாக எழுதப்பட்டிருந்தது. எங்கெங்கோ இருந்த கணிப்பொறிகள் அந்த முகவரிக்குத் தகவலை அனுப்ப முயன்றன. ஒரே நாளில் ஏறத்தாழ 10 கோடி முயற்சிகள்! அனுமதியில்லாத அவற்றைச் சேவை மறுத்துவிட்டது. ஆயினும் மறுக்கப்பட்ட முயற்சிகளுக்கும் சேர்த்துக் கட்டணம் 1,300 டாலரைத் தாண்டியது.

யாரோ வந்து கதவைத் தட்டியதற்கு வீட்டுக்காரர் பணம் கட்டுவது நியாயமா? கேள்வி பரவியது. கட்டணம் தள்ளுபடி ஆனது. அதே ஆண்டு மே மாதத்தில், அனுமதியின்றி வெளியாரிடமிருந்து வரும் இத்தகைய கோரிக்கைகளுக்கு இனிக் கட்டணம் இல்லை என்று அந்நிறுவனம் அறிவித்தது.

எச்சரிக்கை மணி போதுமா?

“இந்தத் தொகையைத் தாண்டினால் தெரிவி” என்று சேவைக்குச் சொல்லிவைக்கலாம். ஆனால் பல சேவைகளில் அது எச்சரிக்கை மட்டுமே. தானாக இயந்திரத்தை நிறுத்தாது. அன்றியும், கோடிக்கணக்கான சிறு பயன்பாடுகளைத் தொகுத்துக் கணக்கிடச் சில மணி நேரம் ஆகிறது. மணி அடிப்பதற்குள் மீட்டர் வெகுதூரம் ஓடியிருக்கும். சட்டென்று நிறுத்துவதிலும் சிக்கல் உண்டு: ஏலம் நடக்கும்போது சேவை அறுந்தால் நட்டம் யாருக்கு? ஆகவே வரம்பு வந்ததும் நிறுத்துவதா, தொடர்வதா என்ற முடிவு வாடிக்கையாளர் கையில் இருக்க வேண்டும்.

வெளியேறும்போதும் செலவு உண்டு. தகவலை உள்ளே அனுப்புவது பெரும்பாலும் இலவசம். வெளியே எடுப்பதற்குத்தான் கட்டணம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 செப்டம்பர் 12 முதல் நடைமுறைக்கு வந்த தகவல் சட்டம், ஒரு சேவையை விட்டு வேறு சேவைக்கு மாறுவோரிடம் அதற்காகக் கட்டணம் பெறுவதை 2027 ஜனவரி 12 முதல் தடுக்கிறது.

நீங்கள் செய்யவேண்டியவை

புதிதாகப் பழகும் மாணவரா நீங்கள்? கணக்குத் தொடங்கிய அன்றே எச்சரிக்கைத் தொகையைக் குறித்துவிடுங்கள். வேலை முடிந்ததும் இயந்திரத்தை நிறுத்துங்கள். இரகசியச் சாவிச் சொற்களை, பிறர் பார்க்கும் நிரலில் எழுதாதீர்கள்; அவற்றைக் கொண்டு வேறொருவர் உங்கள் செலவில் இயந்திரம் ஓட்டக்கூடும்.

ஏலக்காயை நிறுக்கும்போது விற்பவரும் வாங்குபவரும் தராசைப் பார்க்கிறார்கள். அதனால் எடையை இருவரும் ஏற்கிறார்கள். மேகத்தின் மீட்டருக்கும் இதுவே நீதி. கட்டணம் கட்டுபவர் கண்ணுக்கு அது தெரிய வேண்டும். அதை நிறுத்தும் பொத்தானும் அவர் கைக்கு எட்ட வேண்டும்.